மடிப்பாக்கத்தில் ஒரு கிரவுண்டு பொது இடம்: சுத்தம் பண்ணித் தோட்டம் போட எங்கிருந்து ஆரம்பிப்பது?

மூன்றாவது குறுக்குத் தெரு (கேள்வி; தலைப்புகள் எல்லாம் எழுதியவர்களின் புனைபெயர்கள்)

மடிப்பாக்கத்தில் எங்கள் தெருவும் அடுத்த தெருவும் சேர்த்தால் 70 வீடு. முனையில், பழைய மனைப்பிரிவில் பூங்காவுக்கென்று விட்ட இடம் ஒன்று இருக்கிறது. 40க்கு 60, சரியாக ஒரு கிரவுண்டு. வீடு இடித்தவர்கள், டைல்ஸ் மாற்றியவர்கள் என்று எல்லாரும் கொட்டிய கட்டடக் கழிவு சராசரியாக அரை அடி உயரத்துக்குக் கிடக்கிறது. ஏழெட்டு சீமைக்கருவேலம், மிச்ச இடமெல்லாம் பார்த்தீனியம். தெருவைப் பார்த்த மூலை குப்பைமேடு. கார்த்திகையில் பெருமழை பிடித்தால் கணுக்கால் அளவு தண்ணீர் நாலு நாள் வடியாமல் நிற்கும். அடியில் களிமண்.

வாட்ஸ்அப் குழுவில் 25 பேர் ஞாயிறு காலை இறங்கத் தயார் என்கிறார்கள். ஆடி பிறக்க மூன்று வாரம்தான் இருக்கிறது, ஆடிப்பட்டத்தை விடக் கூடாது என்று பாதிப் பேர். காய்கறியெல்லாம் வேண்டாம், மரத்தை வைத்துவிட்டால் அது பாட்டுக்கு வளரும் என்று மீதிப் பேர்.

யாரிடம் அனுமதி வாங்க வேண்டும், எந்த வேலை முதலில், அந்த மண்ணுக்கு எது வரும், வீட்டு ஈரக்குப்பையை அங்கேயே உரமாக்கலாமா? யூடியூப் நிறையப் பார்த்தாயிற்று. அதில் எல்லாரும் தோட்டம் பச்சையான பிறகுதான் கேமராவைத் திறக்கிறார்கள்.

சர்வே நம்பர்

மண்வெட்டி வாங்கும் முன் இடம் யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். ‘பூங்கா இடம்’ என்று தெருவே சொல்லும், பதிவேடு வேறு சொல்லும். மடிப்பாக்கம் 2011-ல் மாநகராட்சியோடு சேர்ந்த பகுதி, அதுவரை ஊராட்சி. பழைய மனைப்பிரிவுகளில் பூங்காவை வரைபடத்தில் மட்டும் காட்டிவிட்டு, உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்காமலே விட்டிருப்பதும் உண்டு. அப்படி இருந்தால் நீங்கள் சுத்தம் பண்ணி முடித்த மறுவாரம் வேலி போட ஆள் வருவார்.

பக்கத்து மனைக்காரர் யாரிடமாவது பத்திரம் இருக்கும். அதோடு அங்கீகரிக்கப்பட்ட மனைப்பிரிவு வரைபடமும் இணைந்திருந்தால் பாதி வேலை முடிந்தது. அதிலிருந்து சர்வே எண்ணும் உட்பிரிவும் எடுத்துக்கொண்டு, அந்த எண்ணுக்கு வில்லங்கச் சான்று போடுங்கள். தானப் பத்திரம் பதிவாகியிருந்தால் அதில் தெரியும். பட்டா யார் பெயரில் என்பதை அரசின் இணையச் சேவையிலேயே பார்க்கலாம். 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகளில், சாலை போக 10 சதவீதம் திறந்தவெளிக்கு ஒதுக்க வேண்டும் என்பதுதான் ஓஎஸ்ஆர் விதி. சிறிய மனைப்பிரிவாக இருந்தால் அந்த விதியே பொருந்தாது, ‘பூங்கா’ என்ற பேச்சு வெறும் வாய்வழக்காகவும் இருக்கலாம்.

மாநகராட்சி இடம்தான் என்று உறுதியானால், 14-வது மண்டல அலுவலகத்துக்கு (பெருங்குடி) கடிதம். நகல் மாமன்ற உறுப்பினருக்கும் வார்டு உதவிப் பொறியாளருக்கும் பூங்காத் துறைக்கும். பூங்காவைக் குடியிருப்போர் சங்கங்கள் தத்தெடுத்துப் பராமரிக்கும் நடைமுறை மாநகராட்சியில் இருக்கிறது, அந்த வழியில் கேளுங்கள். வாசகம் முக்கியம். இடத்தை எங்களுக்குக் கொடுங்கள் என்று எழுதாதீர்கள். நிரந்தரக் கட்டுமானம் எதுவும் செய்ய மாட்டோம், பூட்டுப் போட மாட்டோம், பொதுமக்கள் எப்போதும் வரலாம், பராமரிப்பு மட்டும் எங்களுடையது என்று எழுதுங்கள். ஷெட், சின்னதாக ஒரு பிள்ளையார், சங்க அலுவலகம், இந்த மூன்றில் எது கடிதத்தில் தலைகாட்டினாலும் கோப்பு நகராது. நகலில் ‘பெறப்பட்டது’ முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள்.

சங்கம் பதிவாகாமல் இருந்தால் அதற்கும் இப்போதே ஏற்பாடு செய்யுங்கள். 1975-ம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி 7 பேர் இருந்தால் போதும். வங்கிக் கணக்கு, கடிதப் போக்குவரத்து எல்லாம் தனி ஆள் பெயரில் ஓடினால் அவர் வீடு மாற்றும் நாளில் தோட்டமும் காலியாகும்.

கடப்பாரை

சார், 25 பேரை வெச்சு இடிபாட்டை அள்ளிடலாம்னு நினைக்காதீங்க. கணக்கைப் பாருங்க. 2,400 சதுர அடி, அரை அடி உயரம்னா 1,200 கன அடி. 12 யூனிட். செங்கல், ஜல்லி, சிமெண்ட் கட்டி கலந்தது கன அடிக்கு 40 கிலோவுக்குக் குறையாது. மொத்தம் 48 டன். பழக்கமில்லாத ஆள் ஒரு காலையில அரை டன் நகர்த்துனாலே மறுநாள் ஆபீஸ் போக முடியாது. நாலு ஞாயிறும் 25 பேரும் முழுசா வந்தாதான் முடியும். ரெண்டாவது ஞாயிறே 25 பேர் 9 ஆவாங்க, அது எந்தத் தெருவுக்கும் பொது.

அதனால ஜேசிபி அரை நாள் எடுத்துடுங்க. ஆனா ஜேசிபி வர்றதுக்கு முந்தின ஞாயிறுதான் ஆளுங்களோட வேலை. மேலாகக் கிடக்கிற பிளாஸ்டிக், துணி, கண்ணாடி, மருந்துப் பாட்டில் எல்லாத்தையும் கையால பொறுக்கி எடுத்துடணும். இதை விட்டுட்டு நேரா மெஷினை இறக்கினா கவர் எல்லாம் மண்ணுக்குள்ள போய், பத்து வருஷத்துக்குக் கொத்தும்போதெல்லாம் வந்துட்டே இருக்கும். முதல் ஞாயிறுக்குத் தேவையானது:

ரப்பர் பூசின கையுறை ஆளுக்கு ஒரு ஜோடி (ஆஸ்பத்திரி கையுறை ஒரே முள்ளுல கிழியும்), காலி சிமெண்ட் சாக்கு 60, இரும்புச் சட்டி 6, மண்வெட்டி 6, கடப்பாரை 2, நீளக் கைப்பிடி இடுக்கி 4, தள்ளுவண்டி 1, மண் சலிக்கிற சல்லடை 1. செருப்போட யாரையும் உள்ள விடாதீங்க, கருவேல முள் ஹவாய் செருப்பை ஊடுருவி வரும். ஷூ, இல்லன்னா கம்பூட்.

சாக்கைப் பாதிக்கு மேல நிரப்பாதீங்க, தூக்க முடியாது, அடி பிஞ்சிடும். ஊசி, பிளேடு கிடைச்சா கையால தொடாம இடுக்கியால எடுத்துக் கெட்டியான, வாய் அகன்ற டப்பாவுல போட்டு மூடி, தனியா எழுதி ஒட்டிக் குப்பை வண்டிக்காரங்ககிட்ட சொல்லிக் குடுங்க. தேறுகிற பிளாஸ்டிக், இரும்பு, அட்டை காயலான் கடைக்கு. அந்தக் காசை அங்கேயே எண்ணிக் கணக்குல எழுதிடுங்க, சண்டையெல்லாம் சின்னத் தொகையிலதான் ஆரம்பிக்கும்.

பார்த்தீனியம் பூக்கிறதுக்கு முன்னாடி வேரோட பிடுங்கணும். முழுக்கைச் சட்டை, முகக்கவசம் கட்டாயம். தோல் அரிப்பு, மூச்சு இழுப்பு உள்ளவங்களை அந்த வேலைக்கு விடாதீங்க. பூத்த செடி உரக்குழிக்குப் போகவே கூடாது. சீமைக்கருவேலத்தை வெட்டிவிட்டா முடிஞ்சதுன்னு நினைக்க வேணாம், மண்ணுக்குக் கீழ இருக்கிற அடிக்கட்டையிலிருந்து மழை வந்ததும் அஞ்சாறு கிளையா வரும். ஜேசிபி இருக்கும்போதே ஒரு அடி ஆழத்துக்குக் கீழ வேரோட பெயர்த்துடுங்க.

48 டன்னும் வெளிய போகணும்னு இல்ல. சுத்தி 3 அடி அகலத்துக்கு நடைபாதை மாதிரி முக்கால் அடி உயரத்துக்குப் போட்டுத் தட்டினா கிட்டத்தட்ட 4 யூனிட் அதுலயே அடங்கிடும். தண்ணி நிக்கிற இடத்துல நடக்கவும் வழி ஆச்சு. முழுச் செங்கலைப் பொறுக்கி பாத்தி ஓரத்துக்கு வெச்சுக்கலாம். மீதி 7, 8 யூனிட் வண்டியில போகும். வண்டிக்காரர் எங்க கொட்டுறார்னு கேக்காம அனுப்பாதீங்க. உங்க பக்கம் ‘கொட்டிட்டு வந்துட்டேன் சார்’னா அது பள்ளிக்கரணை சதுப்பு நிலத்து ஓரம்னு அர்த்தம் ஆகிடலாம். 2022-லேயே ராம்சார்ங்கிற உலக ஈரநிலப் பட்டியல்ல சேர்ந்த இடம் அது. கட்டடக் கழிவுக்கு மாநகராட்சி ஆலை பெருங்குடியில இருக்கு, உங்களுக்குக் கிட்டதான். எப்படிக் கொண்டு போகணும்னு உதவிப் பொறியாளர்கிட்ட கேட்டுக்குங்க, இல்லன்னா மாநகராட்சி புகார் எண் 1913.

இன்னொண்ணு, தண்ணி கேனும் எவர்சில்வர் டம்ளரும் வைங்க. பிளாஸ்டிக் பூச்சுள்ள பேப்பர் கப் 2019 ஜனவரியிலிருந்து தடைப் பட்டியல்ல இருக்கு. சுத்தம் பண்ண வந்தவங்க விட்டுட்டுப் போன கப்பை அடுத்த வாரம் அவங்களே பொறுக்கறது நல்லாவா இருக்கும்.

பெரம்பூர் கேட்

எல்லாரும் தோட்டத்துக்குள்ளேயே போய்விட்டீர்கள். அந்தக் குப்பைமேட்டு மூலையை முதலில் முடிக்காவிட்டால் நீங்கள் போடும் மண் எல்லாம் புதுக் குப்பைமேட்டுக்கு மெத்தைதான்.

அள்ளுவதற்கு முன் ஒரு வாரம் கவனியுங்கள். காலை 5 முதல் 8, இரவு 9 முதல் 11. யார், எந்த நேரத்தில், என்ன கொட்டுகிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுதினால் ஆட்கள் மூன்று வகையாகப் பிரிவார்கள்: குப்பை வண்டி வரும் நேரத்தில் வீட்டில் இல்லாதவர்கள், இரவுக் கடை முடிக்கும் டிபன் வண்டி, பைக்கில் போகிறபோது கவரை வீசும் வெளித்தெருக்காரர். மூவருக்கும் மருந்து வேறு வேறு. முதல் வகைக்கு, வண்டி வரும் நேரத்தை மாற்ற வார்டு துப்புரவு ஆய்வாளரிடம் பேசுங்கள், அல்லது பக்கத்து வீட்டில் வாளியை வைத்துவிட்டுப் போக ஏற்பாடு செய்யுங்கள். டிபன் வண்டிக்காரரிடம் நேரே பேசி அவருக்கு ஒரு மூடி போட்ட டிரம் கொடுத்துவிடுங்கள், வாழையிலையும் காய்கறித் தோலும் உங்களுக்கே உரத்துக்கு ஆகும். மூன்றாவது ஆளுக்கு வெளிச்சம்தான் வைத்தியம். தெருவிளக்கு எரியவில்லை என்றால் அதையும் 1913-ல் பதியுங்கள்.

அள்ளிய அன்றே, சாயங்காலத்துக்குள், அந்த மூலையில் ஏதாவது வந்தாக வேண்டும். கூட்டிப் பெருக்கிச் சுண்ணாம்புக் கோடு போட்டு, நாலு கனமான தொட்டி, உட்காரத் திண்ணை மாதிரி ஒரு கல், காலையில் கோலம். வெறும் தரையாக ஒரு இரவு விட்டால் மறுநாள் கவர் விழும். சாமி படம் ஒட்டும் யோசனை யாராவது சொல்வார்கள். படத்துக்குக் கீழே கொட்டாமல் இரண்டடி தள்ளிக் கொட்டுவார்கள், அவ்வளவுதான் நடக்கும். முதல் 15 நாள் தினமும் காலையில் ஒருவர் போய், விழுந்த ஒரு கவராக இருந்தாலும் எடுத்துவிட வேண்டும். ஒரு கவர் கிடந்தால் அது இரண்டாவதைக் கூப்பிடும்.

ஞாயிறு சுத்தம் செய்து மூட்டை கட்டித் தெருவில் வைத்தால் வண்டி வருவதற்குள் நாய் கிழித்துவிடும். அன்றைக்கு எத்தனை மணிக்கு வண்டி வரும் என்று முந்தின நாளே பேசி உறுதி செய்யுங்கள். தூய்மைப் பணியாளர்களிடமும் சொல்லாமல் செய்யாதீர்கள். 60 சாக்கு திடீரென்று நின்றால் அது அவர்களுக்குக் கூடுதல் ஒரு நடை.

ஆடாதொடை

ஆடிப்பட்டம் பற்றி: இந்த வருடம் அந்த நிலம் முழுவதற்கும் ஆடி கிடையாது. கடிதம், பொறுக்கல், ஜேசிபி எல்லாம் முடிய ஆவணி ஆகிவிடும். ஆனால் குழுவில் பாதிப் பேருக்கு இப்போதே எதையாவது விதைக்க வேண்டும். அந்த ஆசையை அணைக்க வேண்டாம். மேடான பக்கமாகப் பார்த்து இரண்டே இரண்டு மேட்டுப்பாத்தி போட்டுக் கீரை விதையுங்கள். 25 முதல் 30 நாளில் முளைக்கீரை அறுக்கலாம், வேலை பார்த்தவர்களுக்குக் கையில் ஒரு கட்டு.

தரையில் நேராக எதுவும் போடாதீர்கள். கீழே களி, மேலே சிமெண்ட் தூள் கலந்த மண். வேர் மூச்சு முட்டும், காரத்தன்மையால் இலை வெளிறும். ஒரு பாத்தி 10க்கு 3 அடி போதும். அதற்கு மேல் அகலமானால் நடுவில் கை எட்டாது, ஆட்கள் உள்ளே கால் வைத்து மண்ணை மிதித்து இறுக்குவார்கள். ஹாலோ பிளாக் இரண்டு வரிசை வைத்தால் 16 அங்குல உயரம், ஒரு பாத்திக்கு 40 கல். அடியில் 4 அங்குலம் தேங்காய் மட்டை, காய்ந்த இலை, இருந்தால் வாழைத் தண்டு. மேலே ஒரு அடி கலவை: செம்மண் 15 கன அடி, மக்கிய தொழுவுரம் அல்லது கம்போஸ்ட் 10, மணல் 5. பின்னால் ஐந்து பாத்தி ஆக்கினாலும் எல்லாவற்றுக்கும் சேர்த்து செம்மண் 75 கன அடிதான்; ஒரு யூனிட் இறக்கினால் மிச்சம் மரக்குழிக்கு. எம்-சாண்ட் போட்டால் கழுவிய, கொரகொரப்பான ரகமாக இருக்கட்டும், தூள் அதிகமானால் மழைக்குப் பின் மேல்மண் பாளமாகக் கெட்டிப்படும். பச்சைச் சாணியை நேராகக் கலக்க வேண்டாம், சூடு ஏறி நாற்று சாகும், வேர்ப்புழுவும் வரும்.

கீரை விதை பொடி. ஒரு பாத்திக்கு ஒரு டீஸ்பூன் விதையை நாலு பங்கு மணலோடு கலந்து தூவி, கையால் லேசாகத் தடவிவிட்டு, பூவாளியில் தண்ணீர். குழாயைப் பிடித்தால் விதை எல்லாம் ஓரத்தில் ஒதுங்கும். எறும்பு விதையைத் தூக்கும், பாத்திக்கு வெளியே ஒரு பிடி நொய்யைப் போட்டால் அது அதோடு போய்விடும். ஐப்பசி அடைமழைக்கு முன் அறுத்து முடித்துவிடுங்கள், மழைத்துளி மண்ணைத் தெறித்துக் கீரை அழுகும். தக்காளி, காலிபிளவர் எல்லாம் முதல் வருடம் வேண்டாம். கத்திரி, வெண்டை, கொத்தவரை தை பிறந்ததும்.

மரம் ‘அது பாட்டுக்கு’ வளராது, அந்தக் கட்சிக்காரர்களிடம் சொல்லிவிடுங்கள். இரண்டு கோடை தண்ணீர் ஊற்றினால்தான் மரம். ஒரு கிரவுண்டுக்கு ஆறு மரம் தாராளம். 25 பேர் 25 கன்று வைத்தால் ஐந்தாம் வருடம் எல்லாம் குச்சி குச்சியாக வெளிச்சத்துக்கு அடித்துக்கொள்ளும். நாலு நாள் தண்ணீர் நின்றாலும் தாங்குவது புங்கம், பூவரசு, நாவல், நீர்மருது. இதில் நீர்மருது பெரிதாகும், ஒன்றோடு நிறுத்துங்கள். வேம்பு வேண்டுமானால் மேட்டில். முருங்கையும் பப்பாளியும் தேங்கிய தண்ணீரில் முதலில் சாகிற இரண்டு. மயிற்கொன்றை (குல்மோகர் மரம்) பூவுக்காகக் கேட்பார்கள். 2016 டிசம்பரில் வர்தா அடித்தபோது சென்னையில் எது எது சாய்ந்தது என்று நினைத்துப் பார்த்தால் அந்தப் பேச்சு அடங்கும்.

நடுவது புரட்டாசிக்குள். அப்போதுதான் பெருமழைக்கு முன் வேர் பிடிக்கும். குழி 3க்கு 3, ஆழமும் 3 அடி. தோண்டிய இடிபாட்டு மண்ணைத் திரும்பப் போடாமல் செம்மண், ஒரு கூடை தொழுவுரம், கால் கிலோ வேப்பம் புண்ணாக்கு. களிமண்ணில் குழி தோண்டினால் அது தொட்டி மாதிரி தண்ணீரைப் பிடித்து வைக்கும். அதனால் கன்றைத் தரை மட்டத்துக்கு அரை அடி மேலே மேடு கட்டி வையுங்கள், குழிப் பக்கச் சுவரைக் கடப்பாரையால் குத்திப் பொலபொலப்பாக்குங்கள். கன்று 5, 6 அடி உயரம் இருக்கட்டும். ஊன்றுகோலை மண் மூடும் முன்பே நட்டு, சணல் கயிற்றால் எட்டு வடிவத்தில் தளர்வாகக் கட்ட வேண்டும். நைலான் கயிறு ஒரு வருடத்தில் பட்டைக்குள் புதையும். மேலே மின்கம்பி போகிற பக்கம் செம்பருத்தி, பவழமல்லி அளவோடு நிறுத்துங்கள்.

மாடு வருமா உங்கள் தெருவில்? வந்தால் வேலி ஓரம் நொச்சி, ஆடாதொடை. பேரிலேயே இருக்கிறது, ஆடு தொடாது. பென்சில் கனத்தில் 9 அங்குலத் துண்டு, இரண்டு கணு மண்ணுக்குள், அடிக்கு ஒன்று. மழையோடு நட்டால் வேர் பிடித்துவிடும், கம்பி வேலிச் செலவு மிச்சம்.

மூன்றாவது குறுக்குத் தெரு

நன்றி. வில்லங்கச் சான்றுக்கு இன்றைக்கே போடுகிறோம். உரம் பற்றி இன்னும் யாரும் சொல்லவில்லை. 70 வீட்டு ஈரக்குப்பையும் அங்கேயே போடலாம் என்று குழுவில் ஒரே உற்சாகம். தண்ணீருக்குப் பக்கத்து வீட்டு போர்வெல் தருகிறேன் என்கிறார், ஆனால் கொஞ்சம் உப்பு.

இலைமக்கு

70 வீடு வேணாம் தம்பி. வீட்டுக்கு அரைக் கிலோன்னு வெச்சாலும் நாளைக்கு 35 கிலோ, மாசம் ஒரு டன். சம்பள ஆள் இல்லாம அதை யாரும் கிளற மாட்டாங்க, நாத்தம் வந்த முதல் வாரமே எதிர்வீட்டுக்காரர் புகார் குடுப்பார். பத்து வீட்டுல ஆரம்பிங்க. நாளைக்கு 5 கிலோ. ஆறு மாசம் நாத்தமில்லாம ஓடுச்சுன்னா அடுத்த பத்து.

4 அடி நீளம், 3 அகலம், 3 உயரம், இந்த அளவுல மூணு தொட்டி. ஒண்ணு 36 கன அடி, ஏறக்குறைய 1,000 லிட்டர். பத்து வீட்டுக் குப்பையும் இலையும் சேர்ந்து அமுங்கி அமுங்கி நிறைய அஞ்சாறு வாரம் ஆகும். ஒண்ணு நிறையும்போது அடுத்தது மக்கும், மூணாவதை சலிக்கலாம். செங்கலை இடைவெளி விட்டு அடுக்கினா போதும், உள்பக்கம் அரை அங்குலக் கண் உள்ள கம்பி வலை கட்டாயம், எலிக்கு. உங்க ஊர்ல தண்ணி நிக்கும்கிறதால தொட்டியோட அடி தரையிலிருந்து ஒரு அடி மேல இருக்கணும், மேல ஷீட் போடணும். மழைத் தண்ணி இறங்கின தொட்டி ஊறல் பானைதான்.

பக்குவம் இதுதான்: ஒரு பங்கு ஈரக்குப்பைக்கு மூணு பங்கு காய்ஞ்ச இலை, எடையில இல்ல, வாளி அளவுல. ஒவ்வொரு நாளும் ஈரக்குப்பை கண்ணுக்குத் தெரியாதபடி இலையால மூடணும். வாரத்துல ஒரு முறை மோர் புளிச்சது ஒரு லிட்டரைப் பத்து லிட்டர் தண்ணியில கலந்து தெளிங்க, சாணிக் கரைசல் கிடைச்சா அதுவும் சரி. கைப்பிடி எடுத்துப் பிழிஞ்சா ஒண்ணு ரெண்டு சொட்டு வரணும். ஒழுகினா இலை போடு, உதிர்ந்தா தண்ணி தெளி. நிறைஞ்ச தொட்டியை வாரம் ஒரு தடவை கிளறினா 60லிருந்து 90 நாள்ல கறுப்பா, மழை பெஞ்ச மண் வாசனையோட வரும்.

அழுகின முட்டை நாத்தம்னா காத்து இல்ல, கிளறணும். மூக்கைக் குத்துற அமோனியா வாடைன்னா பச்சை அதிகம், இலை போதலை. எறும்பு குடியேறினா உள்ள காய்ஞ்சு போச்சு. கொழுத்த சாம்பல் நிறப் புழு நெளியும், பாத்து பயந்து பூச்சி மருந்து அடிச்சிடாதீங்க, கருப்புப் படைவீரன் ஈயோட புழு அது, நல்ல வேலைக்காரன். மீன், கறி, எலும்பு, எண்ணெய்ச் சோறு வேணாம். தேங்காய் ஓடு மக்காது. எலுமிச்சைத் தோல் ஒண்ணு ரெண்டு பரவாயில்ல.

இலைதான் உங்களுக்குப் பஞ்சம் வரும். மாசி, பங்குனியில கொட்டுறப்ப மூட்டை கட்டி ஷீட்டுக்கடியில வெச்சுக்குங்க. தூங்குமூஞ்சி, புங்கம் சீக்கிரம் மக்கும். மாவிலை, பாதாம் இலை நாளாகும், மிதிச்சு நொறுக்கிப் போடுங்க. தெருவுல இலையைக் கூட்டிக் கொளுத்துறவங்க இருந்தா திடக்கழிவு விதிகளே அதைத் தடை பண்ணியிருக்குன்னு சொல்லிட்டு, அந்த மூட்டையை நீங்க வாங்கிக்குங்க. ஆயுத பூஜைக்கு மறுநாள் தெருத் தெருவா கிடக்கிற வாழைக்கன்னு, பூசணிக்காய் எல்லாம் உங்களுக்குப் பொன்னு. பூசணியில இருக்கிற காசைப் பசங்க பொறுக்கிட்டாங்களான்னு பாத்துட்டு வெட்டிப் போடுங்க. குங்குமம் அதிகமா இருந்தா கழுவிடுங்க.

சொட்டுநீர்

போர்வெல் தண்ணீரை டிடிஎஸ் மீட்டரில் (கரைந்த உப்பின் அளவைக் காட்டுவது) பாருங்கள், ஆர்ஓ சர்வீஸ் ஆளிடம் இருக்கும். 1,000க்குள் என்றால் கவலை இல்லை. 2,000 தாண்டினால் கீரை நுனி கருகும், மண்மேல் வெள்ளைப் பூப்பூக்கும். அந்தத் தண்ணீர் பூவரசுக்கும் புங்கத்துக்கும் மட்டும். ஆர்ஓ கழிவுநீர் ‘வீணாகிறதே’ என்று கொண்டு வருவார்கள், அது உப்பைத் திரட்டிய தண்ணீர், பாத்திக்கு வேண்டாம். ஏசியிலிருந்து சொட்டுவதில் உப்பே இல்லை, சென்னைப் புழுக்கத்தில் இரவு முழுக்க ஓடினால் ஒரு வாளி சேரும். பத்து வீட்டு வாளி கீரைப் பாத்திக்குப் போதும்.

கோடையில் ஐந்து பாத்திக்கு நாளைக்கு 70 லிட்டர், ஆறு மரத்துக்கு ஒன்றுவிட்டு ஒரு நாள் தலா 15 லிட்டர். சராசரி 115. 500 லிட்டர் சின்டெக்ஸ் ஒன்று இருந்தால் நாலு நாள் தாங்கும். மரத்தடியில் 3 அங்குலம் காய்ந்த இலை மூடாக்கு, தண்டை ஒட்டாமல் நாலு விரல் இடம் விட்டு. தண்டை ஒட்டினால் பட்டை அழுகும்.

டெங்குக் கொசு சுத்தமான தேங்கிய தண்ணீரில்தான் முட்டையிடும், பறக்க 7 முதல் 10 நாள். ஆகவே வாரம் ஒரு நாள் எல்லாப் பாத்திரமும் கவிழ்த்துக் காய வேண்டும். டிரம் வாயில் வேட்டித் துணி கட்டுங்கள். தொட்டித் தட்டு, மூங்கில் வேலியின் வெட்டிய முனை, தேங்காய் ஓடு, ஹாலோ பிளாக்கின் ஓட்டை (மண்ணால் நிரப்பிவிடுங்கள்) இவையெல்லாம் ஆள் பார்க்காத இடங்கள். டயரில் செடி வைப்பதாக இருந்தால் கீழே நாலு ஓட்டை, இல்லாவிட்டால் டயரே வேண்டாம்.

கடப்பாரை

ஒண்ணு விட்டுப்போச்சு. புரட்டாசி ஞாயிறுகள்ல ‘வடிகாலையும் சுத்தம் பண்ணிடலாம்’னு யாராவது கிளம்புவாங்க. மழைநீர் வடிகாலோட மேல் சல்லடையில அடைச்ச இலை, கவர், சகதியை எடுக்கிறதோட நிறுத்திக்குங்க. மூடியைத் திறந்து உள்ள இறங்கக் கூடாது. விஷவாயு, உடைஞ்ச கண்ணாடி, எலிக்காய்ச்சல் மூணும் இருக்கு. சாக்கடைக் குழாய் அடைப்புன்னா அது குடிநீர் வாரியம், புகார் எண் 1916. காசு குடுத்து ஒரு ஆளை இறக்கறது, கையால மலம் அள்ளுறதைத் தடுக்கிற 2013 சட்டப்படி குற்றம், அந்தப் பேச்சையே குழுவுல வளர விடாதீங்க. சகதியை எடுத்து ஓரத்துல வெச்சா அடுத்த மழையில திரும்ப உள்ள போகும், அன்னைக்கே சாக்குல கட்டி அனுப்பிடணும்.

சர்வே நம்பர்

ஆள் ஏற்பாட்டைப் பற்றி: 25 பேரின் பெயரை நம்பாமல் ஏழு பேரைப் பிடியுங்கள், கிழமைக்கு ஒருவர், ஒவ்வொருவருக்கும் ஒரு மாற்று. தண்ணீர், உரத்தொட்டி மூடல், மூலையில் விழுந்த கவர், மூன்றும் அந்தக் கிழமைக்காரர் பொறுப்பு. 30 நிமிட வேலை. மே மாதம் பாதித் தெரு ஊருக்குப் போகும், தோட்டங்கள் சாவது அந்த மாதத்தில்தான். சித்திரை பிறக்கும் முன்பே யார் இருப்பார்கள் என்று பட்டியல் போட்டு, ஆள் குறைந்தால் அந்த ஆறு வாரத்துக்கு மட்டும் கூலிக்கு ஒருவரை வையுங்கள். மாதச் சந்தாவில் அதற்கென்று தனியாக ஒதுக்கிவிடுங்கள். ஜேசிபி, கல், மண் எல்லாம் ஒருமுறை வசூல். சந்தாவோடு கலக்க வேண்டாம். பில் படம் அன்றே குழுவில்.

விளைச்சல் யாருக்கு என்பதை விதைக்கும் முன் எழுதிவிடுங்கள். அறுக்கும் அன்று வேலைக்கு வந்தவர்களுக்கு ஆளுக்கு ஒரு கட்டு, மீதி தெருத் தூய்மைப் பணியாளர்களுக்கு என்பது சண்டை வராத ஏற்பாடு. பணம் கட்டியவருக்குப் பங்கு என்று ஆரம்பித்தால் கறிவேப்பிலைக்கும் கணக்குக் கேட்பார்கள்.

மூன்றாவது குறுக்குத் தெரு

குழுவில் ஒட்டிவிட்டேன். பத்து வீடு, இரண்டு பாத்தி, மூலை முதலில் என்று ஒத்துக்கொண்டார்கள். மரத்துக்கு அவரவர் பெயர்ப் பலகை கேட்கிறார்கள், அது ஒன்றுதான் பாக்கி.

ஆடாதொடை

பலகையை ஊன்றுகோலில் கட்டுங்கள். மரத்தில் ஆணி அடிக்க வேண்டாம். இரண்டாம் கோடை தாண்டிய கன்றுக்கு மட்டும் பெயர் என்று வைத்தால் தண்ணீர் ஊற்றவும் ஆள் கிடைக்கும்.